ராக்கிம் ஏன் முதலில்? – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹிப்ஹாப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘எல்லாக் காலத்துக்கும் சிறந்த ராப்பர் ராக்கிம்தான்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அதை வைத்து எங்கள் அறையில் இரண்டு நாள் சண்டை. எனக்கு எமினெம். விற்பனை, கிராமி, ஆஸ்கர், வேகம் என்று எதை எடுத்தாலும் அவர் மேலேதான் இருக்கிறார். அறை நண்பன் டூபாக்கைத் தவிர யாரையும் ஒத்துக்கொள்ள மாட்டான். ராக்கிமை எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. உங்களை நம்பி இரண்டு பாட்டு போட்டுப் பார்த்தோம், ரொம்ப சாதாரணமாக இருந்தது. பழையவர் என்பதாலேயே தூக்கி வைக்கிறீர்களோ? கட்டுரையில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகன், கோவை

அன்புள்ள தம்பி,

சாதாரணமாக இருந்தது என்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு அப்படித்தான் இருக்கும். நீங்கள் இத்தனை வருடம் கேட்ட எல்லா ராப்பர்களும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள், அதனால் மூலத்தைக் கேட்கும்போது ஏற்கெனவே கேட்டதுபோல இருக்கிறது.

1986ல் அவருடைய முதல் பாட்டு ‘எரிக் பி. இஸ் பிரசிடென்ட்’ வந்தபோது ராக்கிமுக்கு 18 வயது. அதற்கு முன் ராப் எப்படி இருந்தது என்று தெரிய ரன்-டிஎம்சி கேளுங்கள். அருமையான குழு, ஆனால் கூட்டத்தைப் பார்த்துக் கத்துகிற குரல், வரி முடியும் இடத்தில் ஒரு ரைம், அடுத்த வரி முடிவில் அதற்கு ஜோடி. நம் யாப்புக் கணக்கில் பெரும்பாலும் இயைபு மட்டும்தான். அதைக் குறையென்று சொல்ல மாட்டேன். 1973ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் நடத்தத் தொடங்கிய விருந்துகளிலிருந்து வளர்ந்த கலை இது, மைக் பிடித்தவரின் வேலை ஆடுகிறவர்களை உசுப்புவது, அங்கே உரத்த குரலும் சட்டென்று பிடிபடுகிற ரைமும்தான் எடுபடும்.

ராக்கிம் குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் மாதிரி, அவசரமே இல்லாமல். அவர் சாக்ஸபோன் வாசித்தவர், ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் மேல் பெரிய பிரியம் உள்ளவர். சாக்ஸபோன்காரர் ஒரு இசைத்தொடரைத் தாளக்கட்டின் எல்லையைத் தாண்டி இழுத்துக்கொண்டு போவாரே, அதைச் சொற்களில் செய்தார். ரைம் வரியின் நடுவிலேயே இரண்டு மூன்று இடங்களில் விழுகிறது, வாக்கியம் பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு சுற்று) முடிகிற இடத்தில் நிற்காமல் அடுத்த பாருக்குள் வழிந்துபோய் நாம் எதிர்பார்க்காத ஒரு இடத்தில் முடிகிறது, ஆனாலும் பீட்டை விட்டு ஒரு இடத்திலும் நழுவவில்லை. 1987ல் ‘பெய்ட் இன் ஃபுல்’ ஆல்பம் வந்தது. அதன் பிறகு பழைய முறையில் எழுதியது கேட்பவர்களுக்குப் பழையதாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒரு கலைக்கு முன், பின் என்று கோடு போட வைத்தவர் யார் என்பதுதான் என் அளவுகோல்.

நாஸ் என்ற ராப்பர் 20 வயதில், 1994ல், ‘இல்மேட்டிக்’ ஆல்பம் தந்தார். அதில் அவர் வளர்ந்த நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பையே கண்முன் கொண்டுவருகிற அந்த நெருக்கமான எழுத்து ராக்கிம் திறந்த வழியில் வந்ததுதான். நாஸே 2004ல் ராக்கிமின் வாழ்க்கையை ஒரு முழுப் பாட்டாக எழுதினார். உங்கள் எமினெம்? 2000ல் வந்த ‘தி வே ஐ ஆம்’ பாட்டின் பல்லவி ராக்கிமின் ஒரு வரியிலிருந்து பிறந்தது.

எமினெமை நான் குறைக்கவில்லை. ஆனால் அவருடைய பெருமை வேகத்தில் இல்லை. ஒன்றோடொன்று ரைம் ஆகவே ஆகாத இரண்டு சொற்களை, உயிரெழுத்தைக் கொஞ்சம் வளைத்து உச்சரித்துச் சேர்த்துவிடுவார் பாருங்கள், அதில் அவருக்கு இணை யாருமில்லை என்றே சொல்வேன். விற்பனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எம்சி ஹேமர் என்ற ராப்பரின் 1990 ஆல்பம் அமெரிக்காவில் 1 கோடியைத் தாண்டியது. ‘இல்மேட்டிக்’ 10 லட்சத்துக்கான பிளாட்டினம் சான்று வாங்க 2001 ஆகிவிட்டது. ஹேமரை நாஸுக்கு மேலே வைப்பீர்களா?

நண்பரிடம் சொல்லுங்கள், டூபாக் விஷயத்தில் என் அளவுகோல் போதாது. ரைம் நுட்பத்தில் அவர் காலத்து ராப்பர் பிக்கி (நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.) அவரைவிட லாவகமானவர், கதை சொல்வதிலும்தான். ஆனால் 1995ல், டூபாக் சிறையில் இருந்தபோது ‘மீ அகெய்ன்ஸ்ட் தி வேர்ல்ட்’ ஆல்பம் முதலிடம் போனது, அதில் ‘டியர் மாமா’ இருக்கிறது. போதைப் பழக்கத்தில் விழுந்த அம்மாவிடம் கோபத்தையும் நன்றியையும் ஒரே மூச்சில் சொல்கிற பாட்டு. எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். 25 வயதில் செத்துப்போனார் என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. நுட்பக் கணக்கால் அவரை அளக்க நான் தயாராக இல்லை.

பெண்கள் பற்றி நீங்கள் சொன்னது சரி, என் தவறு. லாரின் ஹில் பெயரை எழுதாமல் விட்டிருக்கக் கூடாது. தனியாக வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பம் ஒன்றே ஒன்று, 1998ல். அடுத்த வருடம் அதற்கு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி, ஹிப்ஹாப்புக்கு அது முதல் முறை. பாதி பாடுகிறார், பாதிதான் ராப் என்று சிலர் கழிக்கிறார்கள். அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் என் முதல் பத்தில் இருப்பார். பழசு என்ற புகாருக்கு, கென்ட்ரிக் லமாரும் அதே பத்தில் இருக்கிறார். 2018ல் இசைக்கான புலிட்சர் பரிசு வாங்கியதற்காக அல்ல, 2015ல் ‘டு பிம்ப் எ பட்டர்ஃபிளை’ ஆல்பத்தில் ஜாஸை முழுசாக உள்ளே கொண்டுவந்ததற்காக.

சரி, ஒன்று செய்யுங்கள். இன்று இரவு முதலில் ரன்-டிஎம்சி ஒரு பாட்டு, அப்புறம் ராக்கிமின் ‘ஆஸ் தி ரைம் கோஸ் ஆன்’, அதை நிறுத்தாமல் எமினெமின் ‘தி வே ஐ ஆம்’. இந்த வரிசையிலேயே, ஹெட்ஃபோனில். நண்பரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பல்லவி வரும்போது என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.