கன்னம் மட்டும் சேறாகிவிடுகிறதே!

கேள்வி: எனக்கு 54 வயது. இரண்டு வருடமாக வீட்டிலேயே வாட்டர்கலர் பழகுகிறேன். பூ, குடம், கோபுரம் எல்லாம் ஓரளவு வருகிறது. மறைந்த என் அம்மாவின் முகத்தை வரைய ஆறு முறை முயன்றுவிட்டேன். பென்சிலில் இருக்கும்வரை அம்மா ஜாடை தெரிகிறது. வண்ணம் வைத்ததும் போய்விடுகிறது. கன்னம் சேறு பூசியதுபோல் ஆகிறது. அம்மா மாநிறம். ‘ஸ்கின் டோன்’ என்று விற்கும் டியூப்பைத்தான் பயன்படுத்துகிறேன். எங்கே தவறுகிறேன்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நீங்கள் அனுப்பிய ஆறு படங்களையும் மேஜையில் வரிசையாக வைத்து இரண்டு நாள் பார்த்தேன், சகோதரி. பென்சில் வேலையில் எந்தக் குறையும் இல்லை. கீழுதடு சற்றே இடப்பக்கம் இழுத்தாற்போல் இருப்பதைக்கூடப் பிடித்திருக்கிறீர்கள். அம்மாவைப் பல வருடம் பார்த்த கண்ணுக்குத்தான் அது தெரியும். எனவே கவலை வேண்டாம், ஜாடை உங்கள் கையில் இருக்கிறது.

சிக்கல் அந்த போட்டோவில் தொடங்குகிறது. நேர் எதிரே ஃபிளாஷ் அடித்து எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம் அது. ஃபிளாஷ் வெளிச்சம் மூக்கின் நிழலையும் கண்குழியின் நிழலையும் அழித்துவிடும். நிழல் இல்லாத முகத்தில் மேடு எது, பள்ளம் எது என்று பிரஷ்ஷுக்குத் தெரியாது. அதனால் முகம் முழுவதற்கும் ஒரே அழுத்தத்தில் வண்ணம் வைக்கிறீர்கள். அது தட்டையாகத் தெரிகிறது, சரிசெய்யலாம் என்று மறுபடி தொடுகிறீர்கள். சேறு அங்கேதான் வருகிறது.

கல்யாண வீட்டிலோ வாசல் திண்ணையிலோ பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த வேறு படம் இருக்கிறதா என்று உறவினர்களிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. காலை எட்டு மணிக்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கண்ணாடியில் உங்கள் முகத்தையே பாருங்கள். அம்மாவின் எலும்பு அமைப்பு உங்களிடமும் கொஞ்சம் இருக்கும். மூக்கு நிழல் எங்கே விழுகிறது, மேல் இமைக்குக் கீழே விழியின் வெள்ளை எவ்வளவு மங்குகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விழியின் வெள்ளை உண்மையில் வெள்ளையே இல்லை. அதைப் பளிச்சென்று விட்டால் முகம் திடுக்கிட்டு விழிப்பதுபோல் ஆகிவிடும்.

அதன் பிறகும் நேரே வண்ணத்துக்குப் போக வேண்டாம். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் ஒரு சாம்பல் பழுப்பு வரும். அந்த ஒரே நிறத்தில் முகத்தை மூன்று படியில் போட்டுப் பாருங்கள்: வெறும் பேப்பர், நடுத்தரம், அடர்த்தி. மூன்றே படியில் அம்மா தெரிந்துவிட்டால் பிறகு எந்த நிறம் வைத்தாலும் தெரிவார். இந்த இடத்தில் பொறுமை இல்லாமல்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள்.

அந்த ‘ஸ்கின் டோன்’ டியூப்பை ஓரமாக வைத்துவிடுங்கள். அது வெளிறிய ஆரஞ்சு. நம் ஊரில் யாருடைய தோலும் அந்த நிறத்தில் இல்லை. மாநிறத்துக்கு வேண்டியது மண் நிறங்கள்தான். எல்லோ ஆக்கர் என்பது மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா என்பது சியன்னா மண்ணைச் சுட்டு எடுத்தது. இரண்டிலும் இருப்பது இரும்பு. எவ்வளவு வெயில் பட்டாலும் வெளுக்காது. இந்த இரண்டையும் தண்ணீர் தாராளமாக விட்டுக் கலந்து முதல் வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, போடுங்கள். நெற்றிப்பக்கம் மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக, மூக்கு நுனி, கன்னம், காது மடலில் சிவப்பு தூக்கலாக இருக்கட்டும். நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். அதே கலவையில் அல்ட்ராமரின் சேர்த்தால் போதும். இன்னொன்று, நெற்றியிலும் கன்ன மேட்டிலும் விழும் ஜன்னல் வெளிச்சம் மாநிறத் தோலில் லேசான நீலமாகத் தெரியும். அந்த நீலத்தை மெல்லியதாக வைத்ததும் தோலுக்கு ஒரு மினுமினுப்பு வரும்.

இப்போது சேற்றுக்கு வருகிறேன். போட்ட வாஷ் ஈரத்தில் பளபளக்கும்வரை அதற்குள் வேறு நிறம் விடலாம், அதுவாகக் கலந்துகொள்ளும். பளபளப்பு அடங்கி, ஆனால் இன்னும் காயாமல் இருக்கும் அந்தச் சில நிமிடம்தான் ஆபத்து. அப்போது பிரஷ் பட்டால் அடியில் உள்ளதும் கிளம்பி வந்து குழம்பும், இல்லாவிட்டால் காலிஃபிளவர் மாதிரி ஓரம் கட்டி நிற்கும். புறங்கையைப் பேப்பருக்கு மேல் லேசாக ஒட்டிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், ஐப்பசி மழையில் ஹேர் டிரையர் தேவைப்படலாம். காய்ந்ததும் நிறம் ஒரு படி வெளுத்துத்தான் நிற்கும். அதனால் கலக்கும்போதே மனசுக்குச் சரி என்று படுவதைவிடக் கொஞ்சம் அழுத்தமாகக் கலந்துகொள்ளுங்கள்.

1984-இல் என் அப்பாவைத் திண்ணையில் உட்காரவைத்து வரைந்தேன். இடது கன்னம் பிடிக்கவில்லை. ஸ்பாஞ்சால் துடைத்து, மறுபடி போட்டு, மறுபடி துடைத்து, கடைசியில் பேப்பர் நார்நாராக எழும்பிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. கன்னத்தைவிட எனக்கு வேதனை தருவது உதடு. அன்று அலிசரின் கிரிம்சன் போட்டேன், வெற்றிலைச் சிவப்பு அப்படியே வந்திருந்தது. சுவரில் தொங்கிய வருடங்களில் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் கரைந்தே போய்விட்டது. டியூப்பின் பின்பக்கம் நிறமிக் குறியீடு பிஆர் 83 (PR 83) என்று போட்டிருந்தால் அதுதான் அந்தப் பழைய அலிசரின். வாங்காதீர்கள். அம்மா படம் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்க வேண்டும் அல்லவா?

அப்புறம், நரைமுடி. வெள்ளை பெயின்ட்டால் கோடு கோடாக இழுத்திருக்கிறீர்கள். வேண்டாம். முடி இருக்கும் இடத்தைப் பேப்பராகவே விட்டு, பின்னணியை அடர்த்தியாக்குங்கள். நரை தானாகவே வெளியே வரும். மூக்குத்தியின் மினுக்கும் அப்படித்தான். வண்ணம் படாமல் காக்கும் ரப்பர் திரவமான மாஸ்கிங் ஃப்ளூயிட்டை முதலிலேயே கடுகளவு இடத்தில் வைத்துவிட்டு, எல்லாம் காய்ந்தபின் உரித்துவிடுங்கள். ஏழாவது படத்தை அவசியம் அனுப்புங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். கைச்செலவுப் பணம் குறைவு. நல்ல பெயின்ட் வாங்குவதா, நல்ல பேப்பர் வாங்குவதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பேப்பர், தம்பி. யோசிக்கவே வேண்டாம். மாணவர்களுக்கான சாதாரண டியூப் வண்ணத்திலும் நல்ல முகம் வரும், ஆனால் சார்ட் பேப்பரில் இரண்டாவது வாஷ் தாங்காது. 300 ஜிஎஸ்எம் (பேப்பரின் கனம்), நூறு சதவீதம் பருத்தி, கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ளது) என்று கேட்டு, 22க்கு 30 அங்குல முழுத் தாள் ஒன்று வாங்குங்கள். அதை எட்டாக வெட்டினால் ஏழரைக்குப் பதினொன்றில் எட்டுத் துண்டு கிடைக்கும். முகம் பழக அது தாராளம். இரண்டு பக்கமும் போட்டால் பதினாறு முகம். பிரஷ் ஒன்றே போதும்: எட்டாம் நம்பர் ரவுண்டு, நனைத்து உதறினால் நுனி ஊசிபோல் கூட வேண்டும். கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு நனைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

கேள்வி: ஃபிரேம் போட்ட வாட்டர்கலர் படத்தில் பூஞ்சைப் புள்ளிகள் வந்துவிட்டன. ஏன்?
– வாசகி, சென்னை

பதில்: கண்ணாடி நேராகப் பேப்பரில் ஒட்டியிருக்கும். கடற்கரை ஊரின் ஈரம் உள்ளே தங்கிவிடும். இடையில், படத்தைச் சுற்றி வரும் கெட்டி அட்டையான மவுன்ட் போர்டு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். குளியலறையை ஒட்டிய சுவரிலும், வெயில் நேரே விழும் சுவரிலும் மாட்ட வேண்டாம்.