மகளுக்கு 13, எனக்கு 38. எச்.பி.வி. தடுப்பூசி யாருக்கு? ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் எங்கே கேட்பது?

எச்.பி.வி. என்பது உடலுறவு மூலம் தொற்றி, பின்னாளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ். மகளுக்கு ஊசி, உங்களுக்குச் சோதனை. பலரும் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே தொற்றிய வைரஸை ஊசி விரட்டாது. அதனால்தான் கல்யாணத்துக்கு வெகு முன்பே, 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறோம்.

15-ஆவது பிறந்தநாளுக்கு முன் தொடங்கினால் 6 மாத இடைவெளியில் இரண்டு ஊசி. அதைத் தாண்டினால் மூன்று: முதல் நாள், 2-ஆம் மாதம், 6-ஆம் மாதம். நாள் தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம். பையன்களுக்கும் போடலாம்.

காசு கொடுக்குமுன் ஊர் நர்ஸம்மாவிடம் கேளுங்கள். 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இலவச ஊசி என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 104-க்குப் போன் செய்தும் விசாரிக்கலாம்.

வெளியே தனியாரிடம் போடுவதானால் கவனம் குளிர்ச்சியில் இருக்கட்டும். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ராமநாதபுரத்தில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவரும்போது வெயிலுக்குப் பயந்து, மீனைப் புதைக்கிற மாதிரி ஐஸுக்குள் புதைத்துவிடுகிறார்கள். உறைந்தால் மருந்து வீண். உருகியபின் பார்த்தால் நல்ல மருந்து போலவே தெரியும், அதுதான் சிக்கல். சொந்த ஃபிரிட்ஜில் மருந்து வைத்திருக்கும் டாக்டரிடமே போட்டுக்கொள்வது நல்லது. பேட்ச் எண்ணை அட்டையில் எழுதி வாங்குங்கள். போட்டதும் 15 நிமிடம் உட்கார வையுங்கள். இந்த வயதில் சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும், மற்றபடி பயமில்லை.

இனி உங்களுக்கு. 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ச் சோதனை இலவசம். அசெட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள், வலி அதிகமிராது. மாதவிடாய் நாட்களில் போகாதீர்கள். முந்தைய இரண்டு நாள் உறவும், பெண்ணுறுப்புக்குள் வைக்கும் மருந்தும் வேண்டாம். தடவிய இடம் வெள்ளையாகத் தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, புண்ணாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த பரிசோதனைக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் போய்விடுங்கள். பயந்தோ கூச்சப்பட்டோ அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த முறையில் சரியாகத் தெரியாது, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை அல்லது கர்ப்பப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் கேளுங்கள்.

ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது; தோல் உரசலிலும் இந்த வைரஸ் தொற்றும். ஊசி போட்ட மகளும் 30 வயதில் சோதனைக்குப் போக வேண்டும். உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு வந்தாலோ முகாம் வரட்டும் என்று காத்திராதீர்கள், அந்த வாரமே பெண் டாக்டரைப் பாருங்கள்.