வேரின் கழுத்தில் வயது

அன்புள்ள ஐயா,

மாமனாருக்கு உடம்பு தேற ஜின்செங் வாங்கப் போனேன். சீன மருந்துக் கடையில் காட்டு வேர், பண்ணை வேரைவிடப் பல மடங்கு விலை. காட்டு வேருக்குத்தான் வீரியம் அதிகமா? பிடுங்கப் பிடுங்கக் காட்டில் முளைத்துக்கொண்டுதானே இருக்கும்?

மாலதி, ஈசூன்

அன்புள்ள மாலதி,

வீரியத்தை மருத்துவரிடம் கேளுங்கள். மாமனார் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் கண்டிப்பாகக் கேளுங்கள். என்னை எழுத வைத்தது உங்கள் கடைசி வரி.

தோ பாயோவில் எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு மருந்துக் கடை இருந்தது. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த சமயம், நானும் உங்களைப் போலத்தான் போய் நின்றேன். கடைக்காரப் பெரியவர் அமெரிக்கக் காட்டு வேர் ஒன்றை எடுத்து அதன் கழுத்தைக் காட்டினார். சின்னச் சின்னத் தழும்புகள். வருடா வருடம் தண்டு பட்டுப்போய் உதிரும்போது ஒரு தழும்பு விழுமாம். நகத்தால் தொட்டுத் தொட்டு மலாயில் எண்ணினார். இருபத்து மூன்று. நான் தொடக்கப்பள்ளியில் சேர்ந்த காலத்துச் செடி! வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிடுங்கப் பிடுங்க முளைக்க அது கீரையா, அம்மா? அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காட்டு நிழலில் அந்த விதை முளைக்கவே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். காய்க்க இன்னும் சில வருடங்கள். வேரை எடுத்தால் செடி அத்தோடு சரி. அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் 1975 முதல் இருக்கிறது, ஐந்து வயதாகாத காட்டு வேரை அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி செய்யக் கூடாது. சட்டம் இருக்கட்டும். தோண்டுகிறவன் கண் எதன்மேல் போகும்? பெரிய செடிமேல். நிறைய விதை போடுவதும் அதுதான். வருடா வருடம் பெரியதையே எடுத்தால் அப்புறம் மிஞ்சுவது எது? தாவரக் காப்பகங்களில் உலர்த்தி வைத்திருக்கும் பழைய செடிகளோடு புதியவற்றை ஒப்பிட்டு அளந்திருக்கிறார்கள். காட்டு ஜின்செங் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்க நம் பாட்டிமார் சம்மதித்திருப்பார்களா?

பழம் சிவக்கும்வரை காத்திருந்து, விதையை அங்கேயே ஊன்றிவிட்டு வேரை எடுக்கிற நல்லவர்களும் உண்டு. பச்சைக் காயோடு பிடுங்குகிறவர்களும் உண்டு. கடை ஜாடியைப் பார்த்து எது யாருடையது என்று சொல்வீர்களா? ‘நான் ஒரு வேர்தானே வாங்குகிறேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வாங்குகிற எல்லோரும் ஒரு வேர்தான் வாங்குகிறோம்.

நான் வாங்கியதை அம்மா சீவிக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். அப்பா இரண்டு வாய் குடித்தார். கசக்கிறது என்று டம்ளரை ஜன்னலோரம் வைத்துவிட்டார். மறுநாள் காலை நான்தான் அதைக் கழுவினேன்.

மருத்துவர் சரி என்றால் பண்ணை வேரையே வாங்குங்கள். மாமனாரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.