கடற்காற்றும் பித்தளை நடராஜரும்

கேள்வி: என் மாமியார் பூஜித்து வந்த பித்தளை நடராஜரை எவ்வளவு துலக்கினாலும், சிலையைச் சூழ்ந்த சுடர்வளையமான திருவாசியின் இடுக்குகளில் பச்சைக் களிம்பு ஏறிவிடுகிறது. பாதத்தருகே செம்புநிறத் திட்டுகளும் தெரிகின்றன. புளி போட்டுத் தேய்ப்பது தவறா?
- வாசகி, காசிமேடு.

பதில்: புளி தவறன்று, அதை ஊறவிடுவதுதான் தவறு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகமாதலால், புளியின் அமிலம் கறுப்பைக் கரைத்த பிறகும் நெடுநேரம் தங்கினால் துத்தநாகத்தையும் அரித்துவிடும். நீங்கள் காணும் செந்திட்டுகள் பெரும்பாலும் அவ்வாறு வந்தவையே. அவற்றைத் தேய்த்துப் போக்க முயலாதீர்கள். களிம்புக்குக் காரணம் உங்கள் பகுதியின் உப்புக்காற்றும் இடுக்கில் தங்கும் அபிஷேக ஈரமும்தான். ஆகவே புளியோடு உப்புச் சேர்க்கும் வழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். நீர்த்த புளிக்கரைசலை மென்மையான பிரஷ்ஷால் தடவி, ஓரிரு நிமிடங்களில் நல்ல தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி, திருவாசியின் ஒவ்வொரு சுடரிடுக்கும் உலரும்வரை இளவெயிலில் வைத்து, பின் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்துவிட்டால் போதும்.

கம்பி நாரும் பாத்திரத் தூளும் கூடவே கூடாது; அவை தேய்த்து அழிக்கும் ஒவ்வொரு நுண்வடிவுக்கும் பொருளுண்டு. வலப் பின்கையின் உடுக்கை படைப்பையும், இடப் பின்கையின் தீ அழிப்பையும், அபயக்கை காப்பையும், காலடியில் கிடக்கும் முயலகன் அறியாமையையும் குறிப்பதாகச் சைவர் கொள்வர்; தூக்கிய திருவடியோ அருள். அழுத்தித் தேய்த்ததால் முயலகனின் கண்ணும் மூக்கும் மழுங்கி, வெறும் உருண்டையாகிவிட்ட சிலைகளைக் கண்டு வருந்தியிருக்கிறேன். உங்கள் நடராஜரைக் கடல்பக்க ஜன்னலிலிருந்து உள்மாடத்துக்கு மாற்றி வையுங்கள்.