வீதிக்கு வரும் கண் மருத்துவ வண்டி: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கிராமங்களுக்கு வரும் இலவச நடமாடும் கண் மருத்துவ வண்டியைப் பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு, இப்பகுதியில் அத்தகைய வண்டியோடு பயணம் செய்து பணியாற்றும் கண் மருத்துவர் பதில் அளிக்கிறார்.

அடுத்த மாதம் எங்கள் ஊருக்குக் கண் பரிசோதனை வண்டி வரப்போவதாக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் போனார்கள். 74 வயதான என் மாமியாரோ, "வண்டிக்குள் வைத்தே கண்ணை அறுத்துவிடுவார்கள், நான் வரமாட்டேன்" என்கிறார். அந்த வண்டியில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?
— வாசகி, பள்ளத்தூர்

உங்கள் மாமியாரின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அவருடைய இளமைக் காலத்தில், பள்ளிக்கூட வகுப்பறைகளையும் மண்டபங்களையும் தற்காலிக அறுவை அரங்குகளாக்கி, அங்கேயே கண்புரையை அகற்றிய முகாம்கள் பல நடந்தன. கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் முறை அப்போது பரவவில்லை. ஆகவே அறுவை முடிந்தவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் ஊர் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்தவருக்குப் பயம் வரத்தான் செய்யும்.

இப்போது வண்டியில் நடப்பது பரிசோதனைதான். முதலில் பெயர் பதிந்து, 6 மீட்டர் தூரத்தில் வைத்த அட்டையைக் காட்டிப் பார்வையை அளப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். பிறகு கண்ணின் உள் அழுத்தம், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்து, தேவைப்பட்டால் சொட்டு மருந்திட்டுக் கண்ணின் நடுவிலுள்ள பாவையை விரியச் செய்து விழித்திரையைப் படமெடுப்பார்கள். அந்தப் படத்தை நகரத்தில் இருக்கும் மருத்துவர் உடனே கணினியில் பார்த்துச் சொல்ல இணைய வசதி துணைசெய்கிறது. கண்புரை இருப்பது உறுதியானால், துணையோடு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று அறுவை செய்து, ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். கண்ணுக்குள் கிருமி புகுந்துவிட்டால் பார்வையே போய்விடக்கூடும் என்பதால்தான் அறுவைக்கு இந்தக் கட்டுப்பாடு. சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து, இரண்டு பேருந்துகளை இணைத்து உருவாக்கிய நடமாடும் அறுவை அரங்கு ஒன்று உண்டு. அது முறையான அரங்குக்குரிய கிருமி நீக்க ஏற்பாடுகளோடு அமைந்த தனி வகை; ஊர்ப்புறத்துக்குச் சாதாரணமாக வரும் பரிசோதனை வண்டி அதுவன்று.

கண்ணாடி மட்டும் போதுமானவர்கள்தான் வருவோரில் நிறையப் பேர். கானாடுகாத்தான் பக்கம் ஒரு மூதாட்டிக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தபோது, அவர் பையிலிருந்து பாதி முடைந்த கொட்டான் (ஓலைக் கூடை) ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். இரண்டு இடங்களில் ஓலை மாறிப் பின்னியிருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வண்டியின் படியிலேயே உட்கார்ந்து, அதுவரை பிரித்து, மறுபடி முடைந்த பிறகுதான் எழுந்தார்.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். தென்னிந்தியக் கிராமப்புறத்தில் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் 100-க்கு 7 பேர்கூட முகாமுக்கு வரவில்லை என்று தெரிந்தது. முகாம் இலவசம்தான், ஆனாலும் பயமும், வீட்டுப் பொறுப்பும், போக வரச் செலவும் அவர்களைத் தடுத்தன. நம் பகுதியில் இதோடு தனிமையும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முகப்பிலிருந்து பின்கட்டு வரை தூணைத் தொட்டுத் தொட்டு நடந்து பழகிய ஆச்சிகளுக்கு, அந்த வீட்டுக்குள் இருக்கும்வரை தங்கள் பார்வை எவ்வளவு குறைந்துவிட்டது என்பதே தெரிவதில்லை. உங்கள் மாமியாருக்கு நீங்கள் அருகில் இருக்கிறீர்கள். முதலில் நீங்கள் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இலவசமாக வைக்கும் லென்ஸ் மட்டமானது, சில வருடங்களில் கெட்டுவிடும் என்கிறார்களே?
— வாசகர், தேவகோட்டை

அது தவறான எண்ணம். செயற்கை லென்ஸ் வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், அரவிந்த் கண் மருத்துவமனையோடு இணைந்த அரோலேப் நிறுவனம் 1992-இல் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கி விலையைப் பெரிதும் குறைத்தது. இன்று அது 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. 1976-இல் 11 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, பணம் கட்ட முடிந்தவர்களின் கட்டணத்தைக் கொண்டு முடியாதவர்களுக்கும் சிகிச்சை தரலாம் என்று செய்துகாட்டினார். இலவச அறுவையில் பெரும்பாலும் காயம் சற்றுப் பெரிதாக இருக்கும். கட்டண அறுவையில் மடிக்கும் லென்ஸை மிகச் சிறிய துளை வழியே வைப்பார்கள். ஆறுவதில் சில நாள் வேறுபாடு உண்டு. லென்ஸ் ஆயுள் முழுவதும் கண்ணில் இருக்கும். சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில் லென்ஸின் பின்னுள்ள சவ்வு மங்கி, பார்வை மறுபடி குறையலாம். அதைத்தான் மக்கள் "லென்ஸ் கெட்டுவிட்டது" என்கிறார்கள். லேசர் மூலம் சில நிமிடங்களில் அதைச் சரிசெய்துவிடலாம்.

கரிமூட்டம் போடும் என் அண்ணன் கண்ணில் சீமைக்கருவேல முள் குத்தி மூன்று நாளாகிறது. தாய்ப்பால் விட்டோம், சிவப்பு குறையவில்லை. வண்டி இரண்டு வாரத்தில் வருகிறது. காத்திருக்கலாமா?
— வாசகர், புதுவயல் அருகே

காத்திருக்கக் கூடாது. இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் அச்சாகும் முன்பே பதில் அனுப்பச் சொன்னேன். முள், நெல் தாள், உமி போன்றவை கருவிழியைக் கீறினால் பூஞ்சை தொற்றிப் புண்ணாகும். தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், பூஞ்சைப் புண் இன்னும் வேகமாகப் பரவும். அன்றே அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்குப் போய்விட வேண்டும். புண் ஆறியபின் எஞ்சும் வெண்தழும்பைத்தான் "பூ விழுந்துவிட்டது" என்கிறோம். அது பாவையை மறைத்துவிட்டால் பார்வை திரும்ப, தானமாக வந்த கருவிழியைப் பொருத்துவது ஒன்றே வழியாகிவிடும்.

எனக்கு 12 ஆண்டுகளாகச் சர்க்கரை. பார்வை தெளிவாகவே இருக்கிறது. வண்டிக்கு வர வேண்டுமா?
— வாசகர், கானாடுகாத்தான்

நீங்கள் அவசியம் வர வேண்டும். சர்க்கரையால் விழித்திரையில் கசிவு ஏற்படும்போதும், உள் அழுத்தத்தால் பார்வை நரம்பு சாகும்போதும், தொடக்கத்தில் வலியோ மங்கலோ இராது. இவற்றில் நரம்பு போனால் போனதுதான். ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் கண் கூசும் என்பதால் இருசக்கர வாகனத்தில் வராதீர்கள்.

கோட்டையூரிலுள்ள எங்கள் பூர்விக வீட்டில் ஒரு முகாம் நடத்த விரும்புகிறேன். எப்படி ஏற்பாடு செய்வது?
— வாசகர், சிங்கப்பூர்

நம் பெரிய வீடுகள் இதற்கென்றே கட்டியவை போல அமைந்திருக்கின்றன. வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஒரு பக்கம் பார்வை அட்டைக்கு வேண்டிய தூரம் கிடைக்கும். உள்ளறை இருட்டில் கருவிகளை வைக்கலாம். திண்ணையில் முதியவர்கள் வெயில் படாமல் காத்திருக்கலாம். மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்தை முதலில் அணுகுங்கள். கோட்டையூருக்குச் சிவகங்கை, பொன்னமராவதிப் பக்கம் என்றால் புதுக்கோட்டை.

தேதி குறிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தை அறுவடையிலும், ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிய நாட்களிலும் வைக்காதீர்கள். காப்புக் கட்டியபின் வெளியூரில் இராத் தங்கமாட்டார்கள் என்பதால், கண்புரை கண்டுபிடித்தாலும் அவர்களை அறுவைக்கு அழைத்துச் செல்ல முடியாது.

பணம் அனுப்ப விரும்பினால், பந்தலுக்கும் பதாகைக்கும் அனுப்புவதைக் குறைத்து, மறுபரிசோதனை நாளுக்கு ஒதுக்குங்கள். பல ஆண்டுகளுக்கு முன், சாக்கோட்டைப் பக்கத்து முதியவர் ஒருவருக்கு நல்லபடியாக அறுவை செய்து அனுப்பினோம். வீட்டில் தனியாள், ஒரு மாதம் சொட்டு மருந்து விட யாரும் இல்லை, மறுபரிசோதனைக்கு அழைத்துவரவும் யாரும் இல்லை. அடுத்த முகாமில் நான் பார்த்தபோது அந்தக் கண் போய்விட்டிருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் அனுப்பியது எங்கள் பிழை. அன்றிலிருந்து பதிவுச் சீட்டில் அந்தக் கேள்வியையும் சேர்த்துவிட்டோம். உங்கள் தெருவில் சொட்டு மருந்து விடக் கற்றுக்கொள்ள முன்வரும் பெண்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள். அவர்களுக்குக் கைகழுவுவதிலிருந்து எல்லாவற்றையும் நானே வந்து சொல்லித் தருகிறேன்.