அட்மிட் செய்யச் சொன்னது ஏன்?

நீங்கள் எழுதிய கடிதத்தில் ஏழெட்டுக் கேள்விகள் இருந்தாலும் உங்கள் பயம் ஒன்றுதான். அம்மாவுக்குக் காசநோய் என்று தெரிந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அதற்குள் கோத்தகிரி நர்ஸ் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு "ஊட்டியில் சேர்த்துவிடுங்கள்" என்றதும், கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டீர்கள்.

கைவிடக் கூடாது என்றுதான் சேர்க்கச் சொல்கிறார்கள். காசநோயில் பெரும்பாலான இறப்புகள் சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்திலேயே நடக்கின்றன. மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்முன் உடம்பு தாங்காமல் போய்விடுகிறது. அதைத் தடுக்கத்தான் 2022-ல் தமிழக அரசு காசநோய் இறப்பில்லா திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியானதுமே எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் எல்லாம் பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். அம்மா 150 செ.மீ. உயரம், 34 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. 15தான் வருகிறது. 16-க்குள் இருந்து, காலை அமுக்கினால் குழியும் விழுந்தால் சேர்த்தாக வேண்டும்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரி: "பாத்ரூம் போகக்கூட சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார்." பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லை என்றால் அது ஒன்றே போதும், அட்மிட் செய்ய. இன்றே கிளம்புங்கள். கிளம்பும்முன் அவருக்குத் தெரியாமல், மூச்சுக்கு வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 24-ஐத் தாண்டினால் பஸ்ஸெல்லாம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மற்றவை சில்லறை விஷயம். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். ரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதம்தான் என்று யூடியூப் பார்த்துப் பதற வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் இருப்பவரைவிட மலைமேல் ஓரிரண்டு குறையத்தான் செய்யும். 94-க்குக் கீழே போனால்தான் கவலை. தைலம் போட்டு ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. ஆனால் மெடிக்கலில் 'பசி எடுக்க' என்று வாங்கிய அந்த ஸ்டீராய்டு மாத்திரையை யார் கொடுக்கச் சொன்னது? இனி அதைத் தொட வேண்டாம். எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை வார்டில் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்வார்கள், அழைத்துப் போங்கள்.

அம்மாவின் ஆதாரும் வங்கிப் பாஸ்புக்கும் கையில் இருக்கட்டும். சத்துணவுக்கென்று சிகிச்சை முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவர் கணக்கில் வரும். அதற்கு வார்டிலேயே பதிந்துகொள்ளலாம்.