அப்பத்தாவின் தலைசுற்றல்: கழுத்துதான் காரணமா?

தம்பி, கானாடுகாத்தானில் இருக்கும் உங்கள் அப்பத்தாவுக்கு வலப்பக்கம் புரண்டு படுத்தால் வீடே சுற்றுகிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது, காது நன்றாகக் கேட்கிறது என்கிறீர்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை வேறு போட்டுவிட்டார்களாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் இப்படித்தான் சுற்றும்.

காரைக்குடியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, டிக்ஸ்-ஹால்பைக் சோதனை செய்யலாமா என்று கேளுங்கள். தலையை 45 டிகிரி திருப்பிச் சட்டென்று படுக்கவைத்துக் கருவிழி தானாகத் துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். உறுதியானால் எப்ளி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை அந்தக் குழாயிலிருந்து வெளியேற்றலாம். பெரும்பாலும் ஓரிரு தடவையில் சரியாகிவிடும். மாதக்கணக்கில் சின்னாரிசின் என்ற தலைசுற்றல் மாத்திரையை விழுங்கினால் துகள் நகராது, தூக்கமும் தள்ளாட்டமும்தான் மிச்சம். கழுத்து வலி இருப்பதால் வீடியோ பார்த்து நீங்களே செய்துவிடாதீர்கள்.

அப்புறம், முற்றத்துப் படியும் ஆத்தங்குடிக் கல் தரையும் இருக்கிற வீடு. இரவில் எழுந்தால் யாராவது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சு குழறினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்துப்போனாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.